பதினேழு இன்ச் ஆசையும் வாய்க்கால் கரை ரோடும்

தஞ்சாவூர்ப் பக்கம் யாராவது புதுசாக ஒரு செடான் எடுத்தால் முதல் மாசமே யாராவது ஒருத்தர் கொளுத்திப் போட்டுவிடுவார். "வண்டி சூப்பர்... வீல்தான் கொஞ்சம் சின்னதா தெரியுது." சொன்னவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். வண்டிக்காரருக்குத்தான் தூக்கம் போகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் ஒரு அலாய் வீல் கடை வாசலில் அந்த வண்டி நிற்கும்.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. வாங்குகிற வரிசைதான் தப்பு. முதலில் ரிம்மைப் பார்த்து மயங்கி, காசைக் கட்டிவிட்டு, அப்புறம் "இதுக்கு எந்த டயர் சார் ஏறும்?" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் தன்னிடம் இருப்பதில் ஏறுவதைச் சொல்லுவார், அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஓடப்போகிற ரோடு எது என்பதில் ஆரம்பித்து, அதற்கு ஏற்ற டயரை முடிவு செய்து, அந்த டயருக்கு ஏற்ற ரிம்மை வாங்குவதுதான் முறை. தலைகீழாகச் செய்தால் செலவு இரண்டு தரம்.

உதாரணத்துக்கு ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி, ஸ்கோடா ஸ்லாவியா 1.5 மாதிரி வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் துடிப்பாக ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் வாங்குகிற செடான்கள். இவற்றில் கம்பெனி கொடுக்கிற சைஸ் 205/55 ஆர்16. 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். (மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூன்றையும் ஒரே வரியில் கலந்து வைத்த புண்ணியவான் யாரோ!) கணக்குப் போட்டால் பக்கச் சுவர் சுமார் 113 மில்லிமீட்டர். 16 இன்ச் என்பது 406.4 மில்லிமீட்டர். மேலும் கீழும் பக்கச் சுவரைச் சேர்த்தால் முழு வீலின் உயரம் 632 மில்லிமீட்டர்.

ரிம் எவ்வளவு பெரிதானாலும் இந்த 632 பெரிதாக மாறக்கூடாது. ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், கியர் எல்லாமே இந்த உயரத்தை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை, மூன்றைத் தாண்டினால் வேண்டாம். 225/45 ஆர்17 போட்டால் 634, அருமை. 205/50 ஆர்17 என்றால் 637, பரவாயில்லை. 225/40 ஆர்18 போட்டாலும் 637தான். ஆனால் "வண்டி தரை தட்டுது" என்று சிலர் 16 இன்ச் ரிம்மிலேயே 215/60 ஏற்றுகிறார்கள். அது 664, ஐந்து சதவீதம் கூடுதல். தரையிலிருந்து கிடைக்கும் உயரம் 16 மில்லிமீட்டர்தான். அதற்கு விலையாக, குடும்பம் முழுக்க ஏறி, ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது டயர் உள்ளே உரசலாம். மீட்டரும் முன்பைவிட ஐந்து சதவீதம் குறைத்துக் காட்டும்.

கணக்குப்படி பார்த்தால் 18 இன்ச்சும் பாஸ். இணையத்தில் கிடைக்கிற டயர் கால்குலேட்டர் எல்லாம் பச்சை விளக்கைக் காட்டும். அந்தக் கால்குலேட்டருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அது திருவையாறு ரோட்டைப் பார்த்ததில்லை.

16 இன்ச்சில் 113 மில்லிமீட்டராக இருந்த பக்கச் சுவர் 225/45 ஆர்17-ல் 101 ஆகிறது. 225/40 ஆர்18-ல் வெறும் 90. குழியில் விழும்போது அடியை வாங்குவது இந்த ரப்பரும் அதற்குள் இருக்கிற காற்றும்தான். உயரம் குறையக் குறைய, குழியின் விளிம்புக்கும் ரிம்மின் உதட்டுக்கும் நடுவில் டயர் நசுங்கி உள்ளே இருக்கிற நூல் அறுந்துபோகிறது. வெளியே ஒரு புடைப்பு வரும், கடைக்காரர்கள் பல்ஜ் என்பார்கள். அதற்கு ஒட்டு கிடையாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ரிம் வளைந்தால் தட்டி எடுக்கலாம் என்பார்கள். இரும்பு ரிம் வளையும், வார்ப்பு அலாய் பல சமயம் வளையாமல் விரிசல் விடும். மயிரிழை விரிசலாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பின் சீட்டில் குழந்தைகளை உட்காரவைத்து வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில், நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது தெரியவரக்கூடாது.

தஞ்சாவூர் - திருச்சி நாலுவழிச் சாலையில் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் 17 போட்டுக்கொள்ளட்டும், தாராளமாக. ஆனால் டெல்டாவில் வண்டி வைத்திருக்கிறவர் யார் அப்படி ஓட்டுகிறார்? வீடு ஊருக்குள் இருக்கும், நிலம் வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும், பொண்ணு கொடுத்த ஊர் மன்னார்குடிக்கு உள்ளே எங்கேயோ இருக்கும். அந்த ரோடெல்லாம் வாய்க்கால் கரை. கீழே களிமண். தண்ணி வந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும், மேலே போட்ட தாரும் அதோடு சேர்ந்து அலை அலையாக ஆகிவிடும். மேட்டூர் திறந்து உழவு ஆரம்பித்தால் கேஜ் வீல் டிராக்டர் ஒரு வயலில் இருந்து இன்னொரு வயலுக்கு ரோட்டில் ஏறி இறங்கும். ஏறக்கூடாது என்று அதிகாரிகள் எச்சரிப்பதும், ஏறுவதும் வருஷா வருஷம் நடக்கிற கூத்து. அறுவடை வந்தால் பாதி ரோட்டில் நெல் காயும், மீதிப் பாதியில் கொள்முதல் நிலையத்துக்குப் போகிற லாரி வரும். கார் ஓரம் கட்ட வேண்டும். ஓரத்தில் தார் முடிகிற இடத்தில் அரை அடிப் பள்ளம். தாழ்ந்த டயரை அறுப்பதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கும் அந்த விளிம்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீல் விஷயத்தில் டெல்டாக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சேற்று உழவுக்குக் கேஜ் வீல், ரோட்டுக்கு ரப்பர் டயர் என்று தரையைப் பார்த்து வீலை மாற்றுகிறவன் அவன். டிராக்டருக்குப் பின்னால் ஏன் அவ்வளவு பெரிய டயர், முன்னால் ஏன் சின்னது என்று கேட்டால் எட்டாங்கிளாஸ் பையன்கூட சொல்லுவான். அதே வீட்டு வாசலில் நிற்கிற காருக்கு மட்டும் தரை மறந்துபோகிறது, படம் பார்த்து வீல் வாங்குகிறார்கள்!

மழையையும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ரோட்டில் தண்ணி நிற்காத நாள் குறைவு. அகலமான டயர் காய்ந்த ரோட்டில் நன்றாகப் பிடிக்கும், சரி. ஆனால் அதே எடை அதிக அகலத்தில் பரவுவதால் தண்ணியைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடுவதில் அதற்குச் சிரமம் அதிகம். தேய்ந்துபோன 225 டயர் மழையில் மிதக்க ஆரம்பித்தால் பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. தேய்மான அடையாளம் 1.6 மில்லிமீட்டர் வரை காத்திருக்காமல் மழைக்கு முன்னாலேயே மாற்றுவது நல்லது.

யாருமே பார்க்காத எண் ஒன்று உண்டு. சைஸுக்குப் பக்கத்தில் 91வி என்று இருக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. 215/45 ஆர்17 என்ற சைஸில் 87ம் வரும், எக்ஸ்எல் என்று போட்ட 91ம் வரும். 87 என்றால் 545 கிலோதான். விலை கம்மி என்று அதை மாட்டினால், டயருக்கு 70 கிலோ தாங்குசக்தியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். கல்யாண சீசனில் அஞ்சு பேரும் சீர்வரிசைப் பாத்திரமும் ஏறுகிற வண்டி இது. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. எக்ஸ்எல் டயர் அந்தக் கூடுதல் எடையைத் தாங்க வேண்டுமானால் காற்றும் கூடுதலாக அடிக்க வேண்டும்.

ரிம் பக்கம் வந்தால், போல்ட் இடைவெளி (இந்த இரண்டு வண்டிக்கும் 5x100), நடு ஓட்டை 57.1, அகலம், ஆஃப்செட் நான்கும் பொருந்த வேண்டும். 6.5 இன்ச் அகலம் ஆஃப்செட் 40-ல் இருந்து 7.5 இன்ச் ஆஃப்செட் 35-க்கு மாறினால் வீல் வெளியே சுமார் 18 மில்லிமீட்டர் தள்ளி வரும். பார்க்க மிரட்டலாக இருக்கும், வீல் பேரிங்குக்கு வேலை அதிகம். நடு ஓட்டை பெரிதாக இருந்தால் வளையம் போட்டு அடைக்க வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் ஸ்டியரிங் உதறும். ஃபோக்ஸ்வேகன் கம்பெனி போல்ட்டின் தலை உட்காருமிடம் உருண்டையாக இருக்கும். வெளி ரிம்களில் பல கூம்பு வடிவப் போல்ட் கேட்கும். பழைய போல்ட்டையே போட்டு முடுக்கினால் அது சரியாக உட்காராது, ஓட ஓட லூஸ் ஆகும். ரிம்மின் உள்பக்கம் ஜேடபிள்யூஎல் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கலாம், அது ஜப்பானிய அலாய் வீல் தரம். போலியாகவும் அடிக்கிறார்கள், அது வேறு கதை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது டயர் வழக்கு இல்லைதான். ஆனாலும் கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுத்த சைஸை விட்டு ரொம்ப விலகினால், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ்காரரிடம் பதில் சொல்ல வேண்டிவரும்.

அப்புறம், கிடைக்கிற சைஸா என்று பார்க்க வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அபூர்வமான சைஸ் என்றால் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். பக்கத்துப் பெரம்பலூரிலேயே எம்ஆர்எஃப் தொழிற்சாலை இருக்கிற நாட்டில், மன்னார்குடி டயர் கடையில் கைக்குக் கிடைக்கிற சைஸை விட்டு விலகுவானேன்?

அதனால் டெல்டாவில் ஓடுகிற வண்டிக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: அலாய் ஆசை இருந்தால் 16 இன்ச்சிலேயே நல்ல டிசைனில், எடை குறைந்த ரிம் வாங்கி, மிச்சமாகிற காசில் நல்ல 205/55 டயர் நாலு போடலாம். ஓட்டும்போது வித்தியாசம் தெரிவது ரிம்மில் இல்லை, டயரில். 17தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு 205/50, தாங்குசக்தி 91-க்குக் குறையாமல், எக்ஸ்எல்லில் 93 கிடைக்கும். 18 வேண்டாம்.

எதை மாட்டினாலும் டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னிக்குப் பழைய போல்ட் ஒரு செட் கூடவே இருக்கட்டும். கூம்புப் போல்ட்டை வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு அம்மாபேட்டை தாண்டி நிற்கிறவருக்கு, ஸ்டெப்னி இருந்தும் இல்லாத மாதிரிதான் :-)