வெறும் தரிசு

சூரபத்மனோடு போர் முடித்த முருகன் சினம் தணிந்து நின்ற இடம் திருத்தணி என்பார்கள். எனக்கு அங்கே நேர்மாறாக நடந்தது. விடியற்காலையில் 365 படிகளையும் சாந்தமாக ஏறி இறங்கியவன், அன்று மாலை கோபத்தோடு ஊருக்குள் திரும்பினேன். கோபம் பிறர்மேல் மட்டுமல்ல, என்மேலும்தான்.

விஷயம் இதுதான். நண்பர் ஒருவர் நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். "தார் ரோட்டில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ரோடே இல்லாத இடத்தில் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்போம், வாருங்கள்" என்றார். போனேன். நகரி மலைகள் தெரிகிற திசையில், ஆந்திர எல்லையை ஒட்டிய மேய்ச்சல் வெளிகள். முதலில் வண்டிப் பாதை. பிறகு ஆட்டுத் தடம். பிறகு அதுவும் இல்லை. ஆடி மழை பெய்து விட்டிருந்தது. புல் காற்றில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. ஜீப் அதைக் கிழித்துக்கொண்டு ஓடியபோது எனக்கு ஆனந்தமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

உச்சி வேளையில் பின்சக்கரம் ஈர மண்ணில் புதைந்துவிட்டது. மாடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் வந்து கல் பொறுக்கிப் போட்டார், தோள் கொடுத்துத் தள்ளினார். வண்டி கரையேறிய பிறகுதான் வாயைத் திறந்தார்:

"ரோடு அந்தாண்ட கீதுங்க, சாமி. இது எங்க மாடு துன்ற தட்டு."

நண்பர் சிரித்தார். "வெறும் தரிசுதானே, பெரியவரே!"

அந்த 'வெறும்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

ஒரு நிலத்துக்குத் தரிசு என்று பெயர் வைப்பவர் யார்? அதில் மாடு மேய்ப்பவர் அல்ல. வரி வசூலித்த துரைமார்கள், உழவும் வரியும் இல்லாத பூமியைப் பயனற்றது என்று எழுதினார்கள். துரைகள் போனார்கள், புத்தி போகவில்லை. 2000இல் வெளிவந்த இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுதியிலும் புதர் வெளிகளும் நலிந்த மேய்ச்சல் நிலங்களும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்தன. புல் நலிந்தால் அதைத் தேற்றுவதுதானே முறை? நோயாளியைப் பிணம் என்று எழுதுகிற வைத்தியரை என்னவென்று சொல்வது!

நீலகிரியில் என்ன செய்தார்கள்? தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்மேடுகளைக் காலி இடம் என்று எண்ணி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் கொண்டுவந்து நட்டார்கள். மழையை வாங்கி மெல்ல மெல்ல ஓடைக்கு விட்டுக்கொண்டிருந்த புல் அழிந்தது. இன்று அந்த மரங்களை அகற்றப் பாடுபடுகிறார்கள்.

கொங்கு நாட்டுக் குடியானவர் இந்தப் பிழையைச் செய்யவில்லை. காங்கேயத்துப் பக்கம் கொறங்காடு என்று ஒன்று உண்டு. கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் நிழலுக்கு வெள்வேல மரமும் வைத்து, அதில் மாட்டை மேயவிடுவார்கள். காங்கேயம் காளையின் திமிலும் திமிரும் அந்தப் புல்லில் விளைந்தவை. அங்கே போய் 'வெறும் தரிசு' என்று சொல்லிப் பாருங்கள்!

"ஒரு ஜீப் போனதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? மாட்டுக் குளம்பு மிதிக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குளம்பு மிதித்த புல், மாடு நகர்ந்ததும் தழைக்க இடமுண்டு. மாட்டுவண்டி பாட்டன் காலத்துத் தடத்திலேயே போகும். ஜீப்காரருக்கோ முன்னவன் போன தடம் ருசிக்காது. புதுத் தடம் வேண்டும். ஒன்றரை டன் கனம் ஈர மண்ணை இறுக்கிவிடுகிறது. இறுகிய மண்ணில் மழை இறங்காது. சக்கரத் தடமே வாய்க்காலாகி, அடுத்த மழையில் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில்தான் முட்டையிடுகிறது. கல்லோடு கல்லாகக் கிடக்கிற அந்த முட்டை ஸ்டியரிங் பிடித்தவர் கண்ணில் படுமா? அன்று எங்கள் தலைக்குமேல் ஒரு ஜோடி அலறிக்கொண்டே சுற்றியது. வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதே மண்ணுக்காக ம.பொ.சி. முதலானோர் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு எங்கே என்று அத்தனை வழக்கடித்தோமே, கோட்டுக்குள் இருக்கிற புல்லை யார் எண்ணிப் பார்த்தோம்?

மேய்ச்சல் தரை போன்ற ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி 2011இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்தது. நல்லதுதான். ஆனால் தீர்ப்பும் அறிவிப்பும் ஸ்டியரிங்கைத் திருப்பிவிடாது. அதைத் திருப்ப வேண்டியது நம் கை. ஊர் சுற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டிப் பாதை முடிகிற இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கி நடங்கள். 'தரிசு' என்ற சொல்லை முதலில் உங்கள் வாயிலிருந்து எடுங்கள். ஏட்டிலிருந்து எடுக்க சர்க்காரோடு பிறகு சண்டை போடலாம்.

அன்றிரவு திருத்தணியில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். தலைவாழை இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். அந்த இலைமேல் ஒருவன் செருப்புக் காலோடு நடந்து போனால் நாம் சும்மா இருப்போமா? பெரியவர் சும்மா இருந்தார். அதோடு, வண்டியையும் தள்ளிவிட்டார்.