கரிமூட்டம் போடும் ஊரில் கரிக்குப் பயமா?

அருப்புக்கோட்டை முதல் திருச்சுழி வரை வண்டிப் பட்டறைகளில் வருசக்கணக்காக ஒலிக்கும் தீர்ப்பு ஒன்று உண்டு: ‘பெண்ட் பைப்புக்குள்ள கரி நிக்குது, ரிங் போச்சு, இன்ஜின எறக்கணும்.’ இன்ஜினையும் சைலன்சரையும் இணைக்கும் அந்தப் பைப்பைக் கழற்றி, ஹெட்டில் புகை வெளியேறும் வாய்க்குள் விரலை விட்டுத் தடவி, கறுத்த நுனியை வண்டிக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினால் வழக்கு முடிந்தது. மேல்முறையீடு கிடையாது. சிலிண்டர் லேத்துக்குப் போகும், 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் வரும். ஆர்.எக்ஸ். 100-ம் எக்ஸ்.எல். சூப்பரும் ஓடிய டூ-ஸ்ட்ரோக் நாளில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே எரிந்தது. அந்த வாயில் கரி அடைப்பது இயல்பு என்று சுரண்டிப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஆயில் எரியக் கூடாது. ஆகவே எரிந்த கரியெல்லாம் தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியே ஏறிய ஆயிலின் கரிதான் என்று கணக்கை முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கரிக்கு ஆயில்தான் வேண்டும் என்பது இந்த மண்ணில் நின்று சொல்லக்கூடிய பேச்சா? சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, தழையும் வைக்கோலும் போர்த்தி, மண் பூசி மூட்டம் போடுகிறவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். காற்றை அடக்கி வைத்தால் கரி, மண்பூச்சு வெடித்துக் காற்று புகுந்தால் சாம்பல் என்பது அவர்களுக்கு அன்றாடப் பாடம். இன்ஜினுக்குள்ளும் ஏறக்குறைய அதே கதைதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அது குறைந்தால் எரியாத கரிமம் வாயில் படியும்; ரிங் புத்தம் புதிதாக இருந்தாலும் படியும். காற்று ஏன் குறைகிறது என்று கேட்க நிபுணர் வேண்டாம், கோடையில் கரிசல் வண்டிப்பாதையில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் போகிற வண்டியைப் பார்த்தால் போதும். அந்தப் புழுதி முழுவதையும் வாங்கிக்கொள்வது ஏர் ஃபில்டர். அது அடைத்தால் கார்பரேட்டர் வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்துக் கரியைக் கக்கும். சோக் பாதியில் சிக்கி நின்றாலும், மிதவை சரியாக மூடாமல் பெட்ரோல் வழிந்தாலும் இதே கரிதான். வீட்டுக்கும் டீக்கடைக்கும் மட்டும் ஓடி, சூடேறும் முன்பே அணைக்கப்படும் வண்டியிலும் இது சேரும். இந்தக் கரி உலர்ந்திருக்கும், விளக்குக் கண்ணாடிப் புகைபோல விரலில் மாவாக ஒட்டும். ஆயில் கரியோ பிசுபிசுத்துப் பளபளக்கும். நீட்டிக் காட்டிய விரலை ஒருமுறை தேய்த்துப் பார்த்திருந்தாலே பாதி வழக்கு தள்ளுபடி.

பெட்ரோல் பங்கில் கலப்படம், அதனால்தான் கரி என்பாரும் உண்டு. அப்படியானால் அங்கே பெட்ரோல் போட்ட அத்தனை வண்டியும் பட்டறையில் வரிசையாக நிற்க வேண்டுமே. காலையில் சைலன்சரிலிருந்து சொட்டும் கறுப்புத் தண்ணீரைக் காட்டிப் பயமுறுத்துவது இன்னும் வேடிக்கை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். குளிர்ந்த பைப்பில் அது சொட்டாமல் எங்கே போகும்?

அதே புழுதி ரிங்கையும் தேய்க்காதா என்று கேட்கலாம். தேய்க்கும், அதுவும் கிழிந்த ஃபில்டரோடு ஓடினால் சீக்கிரமே தேய்க்கும். ஆனால் ரிங் தேய்ந்த வண்டி அதை ஒளித்து வைப்பதில்லை. ஆயில் குச்சியில் அளவு வாராவாரம் இறங்கும், பாரம் ஏற்றி முறுக்கினால் நீலப்புகை தள்ளும், கரி ஈரமாக இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலமாகப் புகைந்து பிறகு நின்றுவிட்டால் சந்தேகம் முதலில் போக வேண்டியது வால்வு சீல் என்ற சின்ன ரப்பர் மீது. அதை மாற்ற சிலிண்டரை லேத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. இன்னும் ஐயமா? பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு கம்ப்ரஷன் பார்க்கலாம். கூடினால் ரிங்கில் குறை, கூடாவிட்டால் வால்வுப் பக்கம் தேட வேண்டும். இதற்கு ஆகும் நேரம், இன்ஜினை இறக்க வேண்டிய காரணத்தை விளக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஒருவேளை குறையே அதுதானோ என்னவோ.

அடுத்த முறை கறுத்த விரல் ஒன்று உங்கள் முகத்துக்கு நேரே நீண்டால், அதே கையால் ஏர் ஃபில்டர் மூடியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.