திரிந்த சொல் தாழ்ந்த சொல்லா?

பழஞ்சொல் ஒன்று ஒலி திரிந்து வழங்கினால் அதனைச் 'சிதைவு' என்று இகழ்வோர் உளர். அவ்விகழ்ச்சி எத்துணைப் பிழையானது என்பதற்குக் காஷ்மீரி மொழியே தக்க சான்று என்பது எம் கருத்து.

வடமொழியில் கீரையைக் குறிக்கும் 'சாகம்' காஷ்மீரியில் 'ஹாக்' ஆயிற்று. நூறு எனப் பொருள்படும் 'சதம்' 'ஹத்' ஆயிற்று. கூதிர்ப் பருவமாகிய 'சரத்' 'ஹருத்' ஆயிற்று. பல சொற்களில் இவ்வாறு சகரம் ஹகரமாக மாறியது நாக்குழறலால் அன்று. ஓர் ஒழுங்கின்படியே மாறிற்று. பழங்கன்னடத்தில் நம்மைப் போலவே 'பால்' என வழங்கியது பின்னர் 'ஹாலு' ஆகவில்லையா? அதற்காகக் கன்னடத்தாரைப் பிழைபடப் பேசுவோர் என்போமா?

பொருள் மாறிய சொற்கள் இன்னும் சுவையானவை. 'திருஷா' என்றால் தாகம். அதன் வழிவந்த 'திரேஷ்' காஷ்மீரியில் தாகத்தையும் குறிக்கும். பருகும் நீரையும் குறிக்கும். 'உறைந்தது' எனப் பொருள்படும் 'சீன' என்னும் சொல் 'ஷீன்' என்று பனிக்கே பெயராயிற்று. பாம்பைக் குறிக்கும் 'நாகம்' அங்கே நீரூற்றைக் குறிக்கும். ஊற்றுகளில் நாகதெய்வம் உறைவதாக முன்னோர் நம்பினர். ஜீலம் ஆறு தோன்றும் ஊற்றின் பெயரும் வேரிநாக் என்பதே.

'சூரியன்' என்ற சொல்லை நாம் வடமொழியினின்று கடனாகப் பெற்றோம். காஷ்மீரத்தாரோ மேற்கண்ட சொற்களைத் தாய் வாய்வழியே மரபுரிமையாகப் பெற்றவர்கள். முஸ்லிம் உழவரும் பண்டிதர் இல்லத்தாரும் 'ஹாக்' என்றும் 'ஷீன்' என்றுமே கூறுகின்றனர். ஆதலின், மூலம் வடமொழி என்பதால் இவற்றை ஒரு சமயத்தாரின் உடைமையாக்குவதும் முறையன்று.

2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் காஷ்மீரி அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. மகிழத்தக்கதே. எனினும் நகரத்துப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளிடம் உருதுவிலேயே பேசுகின்றனர். 1990இல் பள்ளத்தாக்கை விட்டுப் பெயர்ந்த பண்டிதர் குடும்பங்கள் பலவற்றில் இந்தியும் ஆங்கிலமும் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டன. சட்டம் அலுவலகத்துக்குள் நுழையும், அடுக்களைக்குள் நுழையாது. உணவின் பெயராதலின் 'ஹாக்' எப்படியும் பிழைத்துக்கொள்ளும். 'ஹத்', 'ஹருத்' போன்றவையோ, பெற்றோர் நாள்தோறும் வாய்விட்டுச் சொன்னாலன்றி அப்பிள்ளைகளின் செவிக்கு எட்டா.