பாஸ் பண்ண மட்டும்தானா தலசீமியா?



அக்குறணை, மடவளை என்று நம்மூர்ப் பிள்ளைகள் பேராதனை மருத்துவ பீடத்துக்குத் தெரிவானால் பாராட்டு விழா வைக்கிறோம். அங்கே இரத்த நோய்கள் பாடத்தில் அவர்கள் விழித்திருந்து பாடமாக்கும் ஒன்றுதான் தலசீமியா.

அவர்கள் பரீட்சையில் எழுதும் விடை இதுதான்: தாயும் தந்தையும் காவிகள் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளை நோயாளியாகும் வாய்ப்பு 25%. கடும் வகை என்றால் 3, 4 வாரத்துக்கொரு தடவை வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் சேரும் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை அகற்ற இரவில் 8 முதல் 12 மணி நேரம் தோலுக்கடியில் பம்பினால் மருந்து, அல்லது தினமும் மாத்திரை.

விடை சரி. புள்ளியும் கிடைக்கும். ஆனால் அதே மாணவருக்குக் கல்யாணம் பேசும்போது என்ன கேட்கிறோம்? வீடு, காணி, வாகனம், சீதனம். இரத்தப் பரிசோதனை? யாரும் வாய் திறப்பதில்லை. மாமி மகன், சாச்சா மகள் என்று சொந்தத்துக்குள் முடிக்கும் நாம்தான் முதலில் கேட்க வேண்டும். ஒரே குடும்பத்தில் ஒரே மரபணு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

"அல்லாஹ்வின் நாட்டம்" என்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. ஈரான் 1997இலும் சவூதி 2004இலும் திருமணத்துக்கு முந்திய பரிசோதனையைக் கட்டாயமாக்கின. அவர்களுக்கு ஈமான் குறைவா?

"ரிப்போர்ட் வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது" என்கிறார்கள். காவி நோயாளி அல்ல. காவி அல்லாதவரை முடித்தால் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வரும் பயமில்லை. கல்யாணத் தேதி குறித்த பிறகு பரிசோதித்தால்தான் சங்கடம். பேச்சு வருமுன்பே செய்துவிட்டால் யாருடைய கல்யாணமும் முறியாது.

முதல் படி சாதாரண எப்.பி.சி. செங்குழியங்கள் சிறுத்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவா, தலசீமியாவா என்று அடுத்த பரிசோதனை சொல்லும். "இரத்தம் குறைவு" என்று வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவோரும் ஒருமுறை பாருங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, ஒரு ஜும்ஆவை இதற்கு ஒதுக்குங்கள். உயர்தரம் முடித்த ஆண், பெண் பிள்ளைகளுக்குப் பரிசோதனை முகாம் வையுங்கள். முடிவை அவரவர் கையில் மட்டும் கொடுங்கள். மருத்துவ மாணவர்களே, பரீட்சைக்கு எழுதிய விடையை உங்கள் உம்மா வாப்பாவுக்கும் தமிழில் சொல்லுங்கள்.