நான்கு மணி நேரம்தானே?

"திருச்சிக்கு நான்கு மணி நேரம்தானே? எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம்." மார்சிலிங்கில் உள்ள எங்கள் வீட்டில் நான் கேட்டு வளர்ந்த பேச்சு இது. சாதாரண நிலைத் தேர்வு முடியட்டும் என்றோம். பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தேன். வேலைப்பயிற்சி முடியட்டும் என்றோம்.

சென்ற ஆண்டு ஓர் இரவு 9 மணிக்குப் பட்டுக்கோட்டையிலிருந்து தொலைபேசி வந்தது. பாட்டி காலமாகிவிட்டார். அங்கு அப்போது மாலை மணி 6.30. மறுநாள் காலை விமானத்தில் இடமில்லை. மாலை விமானத்தில்தான் கிடைத்தது. நள்ளிரவு தாண்டி நாங்கள் வீடு சேர்ந்தபோது இறுதிச்சடங்கு முடிந்திருந்தது.

திரும்பி வந்தபின் ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். மார்சிலிங்கிலிருந்து சாங்கி விமான நிலையத்திற்கு எம்ஆர்டி ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கு இருக்க வேண்டும். பறப்பது நான்கு மணி நேரம். திருச்சியில் குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுப்பது என ஒரு மணி நேரம். பட்டுக்கோட்டைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சாலைப் பயணம், இரண்டரை மணி நேரம். மொத்தம் 12 மணி நேரம். நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த நான்கு மணி நேரம் அதில் மூன்றில் ஒரு பங்குதான்!

பயணச்சீட்டும் நம்மை ஏமாற்றும். காலை 10 மணிக்குப் புறப்பட்டு 11.30க்குச் சென்று சேர்வதாக அதில் இருக்கும். ஒன்றரை மணி நேரப் பயணம்போலத் தோன்றும். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருப்பதே காரணம். திரும்பும்போது அதே பயணம் ஆறரை மணி நேரம்போலத் தெரியும். 1982ஆம் ஆண்டு தொடக்கத்தில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னகர்த்தியது. அதற்குமுன் இந்தியாவுடனான வித்தியாசம் இரண்டு மணி நேரமாகவே இருந்தது.

என் தாத்தா 'ரஜுலா' கப்பலில் சிங்கப்பூருக்கு வந்தவர். தமிழகக் கரையிலிருந்து பினாங்கு வழியாக இங்கு வந்துசேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஊர் தொலைவு என்று அவருக்குத் தெரியும். அதனால் விடுப்பைச் சேர்த்து வைத்தார், பணம் ஒதுக்கினார், கடிதம் எழுதினார், சொன்ன தேதியில் போனார். ஊர் பக்கம் என்று நினைத்த நாங்கள்தான் தள்ளிப்போட்டோம்.

சிங்கப்பூருக்கும் திருச்சிக்கும் இடையே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். விமானம் அந்தத் தூரத்தைக் குறைக்கவில்லை. கடக்கும் நேரத்தைத்தான் குறைத்தது. விடுப்பு, கட்டணம், விமானத்தில் இடம், தேர்வு அட்டவணை ஆகியவற்றை நாம்தான் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

உங்களுக்கும் ஊரில் பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். வீட்டு வாசலிலிருந்து அவர்களின் வாசல்வரை எத்தனை மணி நேரம் என்று பெற்றோருடன் உட்கார்ந்து கணக்கிடுங்கள். ஜூன் அல்லது டிசம்பர் விடுமுறையில் ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள். அதுவரை தொலைபேசியில் பேசுங்கள். இங்கு இரவு 8 மணி என்றால் அங்கு மாலை 5.30, பாட்டி தூங்கியிருக்க மாட்டார்.