ஜாடிக்கு விலை மனிதர்

பீங்கான் பாத்திரம் கை தவறி உடைந்துவிட்டால் நம் வீடுகளில் சற்று நேரம் வருந்துவார்கள். பிறகு துடைப்பத்தை எடுப்பார்கள். ஆனால், பீங்கானுக்காக மனிதர்களையே விலையாகக் கொடுத்த அரசர் ஒருவர் ஐரோப்பாவில் இருந்தார். ஜெர்மானிய நாடுகளில் ஒன்றான ஸாக்ஸனியை ஆண்ட அகஸ்டஸ் என்பவர்தாம் அவர். 1717-ம் ஆண்டில் தமது குதிரைப்படை வீரர் 600 பேரைப் பிரஷ்ய மன்னர் பிரெடரிக் வில்லியத்துக்கு அவர் கொடுத்தார்; பதிலுக்குப் பெற்றவை 151 சீனப் பீங்கான் உருப்படிகள். ஒரு பாத்திரத்துக்கு ஏறக்குறைய நான்கு மனிதர் என்று கணக்காகிறது!

இந்த மோகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெண்மையும் உறுதியும், வெளிச்சம் ஊடுருவும் மென்மையும் ஒருங்கே அமைந்த பீங்கானைச் செய்யும் வித்தை அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனர்களுக்குக் கைவந்திருந்தது. ஐரோப்பியர் அதைக் கண்டு வியந்தார்களேயன்றிச் செய்ய அறியவில்லை.

அந்த இரகசியம் வெளிப்பட்ட விதமும் விசித்திரமானதே. பெட்கர் என்ற பத்தொன்பது வயது இளைஞன் தன்னால் பொன் செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். 1701-ல் அகஸ்டஸ் அவனைப் பிடித்துக் காவலில் வைத்தார். ஷிர்ன்ஹௌஸ் என்னும் விஞ்ஞான பண்டிதரின் மேற்பார்வையில் அந்த ரசவாதி ஆண்டுக் கணக்கில் உலையோடு போராடினான். பொன் வரவில்லை, வெண்மையான பீங்கான் வந்தது. 1710-ல் மைஸ்ஸன் நகரத்துக் குன்றின் மீதுள்ள கோட்டையில் தொழிற்சாலை ஏற்பட்டது. இரகசியத்தைக் காப்பதற்குக் கோட்டையைவிடத் தக்க இடம் ஏது? 1714-ல்தான் பெட்கருக்கு விடுதலை கிடைத்தது. ஐந்தே ஆண்டுகளில், தமது முப்பத்தேழாம் வயதில், அவர் காலமானார்.

அவர் கண்டுபிடித்த மண்ணுக்கு உயிர் கொடுத்தவர் காண்ட்லர் என்ற சிற்பி. 1731-ல் அவர் மைஸ்ஸனுக்கு வந்தார். அந்த நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்திலிருந்து 'ரோகோகோ' என்னும் அலங்கார முறை எங்கும் பரவிற்று. கிளிஞ்சலும் பாறையும் கொண்டு செய்யும் வேலைப்பாட்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நேர்கோட்டை அது விரும்பாது. இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டுமென்று கருதாது. அலை சுருள்வது போலவும் கொடி படர்வது போலவும் வளைந்து செல்லும். கல்லிலும் மரத்திலும் அரும்பாடுபட்டுச் செதுக்க வேண்டிய இவ்வளைவுகளுக்கு ஈரக் களிமண் தானாகவே இசைந்து கொடுத்தது. ஆனால் சூளை அவ்வளவு இரக்கமுள்ளதன்று. சுமார் 1400 டிகிரி வெப்பத்தில் வேகும்போது உருவம் ஆறில் ஒரு பங்கு சுருங்கும். கணக்குச் சற்றுப் பிசகினால் கோணும், வெடிக்கும்.

இவ்வளவையும் வென்று, 1737 முதல் 1742 வரை, ப்ரூல் பிரபுவின் விருந்து மேஜைக்காகக் காண்ட்லரும் அவருடைய துணைவர்களும் செய்த 'அன்னப்பறவை' வரிசையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாத்திரங்கள் இருந்தன. தட்டுக்குத் தட்டு கிளிஞ்சலின் வரியும், நீரில் மிதக்கும் அன்னமும் மெல்லிய புடைப்பாகத் தெரியும். அவற்றுள் பல, 1945-ல் யுத்தத்தின் இறுதி நாட்களில் நொறுங்கிப் போயின.

யுத்தம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1756-ல் பிரஷ்யப் படைகள் ஸாக்ஸனிக்குள் புகுந்தன. மைஸ்ஸன் தொழிற்சாலையும் அவர்கள் வசமாயிற்று. படை நடத்தி வந்த மன்னர் யார்? அன்று ஜாடிகளைக் கொடுத்து வீரர்களை வாங்கிக்கொண்டாரே, அந்தப் பிரெடரிக் வில்லியத்தின் குமாரர்! வீரரை விற்றுப் பீங்கான் வாங்கிய நாட்டில், வீரரைச் சேர்த்தவரின் மகன் பீங்கானையும் எடுத்துக்கொண்டார்.

பண்டமாற்றில் வந்த பெரிய ஜாடிகளை இன்றும் டிரெஸ்டன் நகரத்துக் காட்சிச்சாலையில் காணலாம். 'குதிரைவீரர் ஜாடிகள்' என்றே அவற்றுக்குப் பெயர். அவற்றின் அழகை நாம் குறைத்துப் பேசவில்லை. சீனக் குயவனின் கையும் காண்ட்லரின் கையும் வணக்கத்துக்குரியவை. ஆயினும் அழகிய பொருளைக் காணும்போது, அதைச் செய்தவர் யார் என்பதோடு, அதற்கு விலையாகப் போனவர் யார் என்றும் ஒரு முறை கேட்பது நல்லது. உடைந்த ஜாடிக்கு வேறு ஜாடி வாங்கலாம். மனிதனுக்கு மாற்று ஏது?