கித்தார் கம்பெனியும் கரிசல் காட்டுப் பணமும்

பேர் பெற்ற கம்பெனி ஒன்று பங்கு வெளியிடுகிறது என்றால் போதும். “நல்ல கம்பெனி ஆயிற்றே! நாமும் நாலு பங்கு வாங்கிப் போடலாமே” என்ற பேச்சு எழுந்துவிடுகிறது.

முன்பெல்லாம் இது பட்டணத்துப் பேச்சு. இன்று கையில் செல்போன் இருந்தால், விளாத்திகுளத்தில் இருந்தபடியே மும்பை மார்க்கெட்டில் பங்கு வாங்கலாம். பருத்தியும் மிளகாயும் விற்ற பணம் அங்கே போகிறது.

போகட்டும்; தவறு இல்லை. ஆனால் அந்தப் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்கிறவர்கள் குறைவு.

தூத்துக்குடிக் கடற்கரைக்குப் பங்கு என்பது புதிது அல்ல.

முத்துக்குளித்த காலத்தில், கரைக்கு வந்த சிப்பியைக் கூறு வைப்பார்கள். மூன்றில் ஒரு கூறு குளித்தவர்களுக்கு, மற்றது சர்க்காருக்கு. மூச்சை அடக்கி மூழ்கியவனுக்குத் தன் பங்கு எது என்பது கண் முன்னே தெரிந்தது.

விளாத்திகுளத்துக்குப் பக்கத்துத் தாலுகா ஒட்டப்பிடாரம். அங்கே பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40 ஆயிரம் பங்குகள். மூலதனம் 10 லட்சம் ரூபாய்.

பணம் எதற்கு? கப்பல் வாங்க, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்ட. ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து மோதியது. 1908-ல் சிதம்பரனார் சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

நஷ்டம் நஷ்டம்தான். ஆனாலும் பணம் எதற்குப் போனது என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. துறைமுகத்துக்குப் போனால் கண்ணாலேயே பார்த்துக் கொள்ளலாம்!

அதே தூத்துக்குடியில் 1921-ல் நாடார் வங்கி பிறந்தது. 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. நூறு வயதைத் தாண்டிய பிறகு, 2022 செப்டம்பரில், அதன் பங்குகள் மார்க்கெட்டுக்கு வந்தன. விலை 510 ரூபாய். அத்தனையும் புதிய பங்குகள். வந்த பணம் வங்கியின் மூலதனத்தில் சேர்ந்தது. பழைய பங்குதாரர்களின் பைக்குப் போகவில்லை.

எல்லாப் பங்கு வெளியீடும் இப்படி அல்ல. அமெரிக்காவில் ஒரு கித்தார் கம்பெனிக்கு நடந்ததைக் கேளுங்கள்.

வாசிக்கத் தெரியாதவர்

லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் செய்து வந்தவர். கித்தார் வாசிக்கத் தெரியாது. ஆனால் மின்சாரக் கித்தார் செய்வதில் மன்னன்! பாட்டுக்காரர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். அவர்கள் சொல்லும் குறையைத் திருத்துவார். 1946-ல் கம்பெனி அமைத்தார். 1954-ல் அவர் வெளியிட்ட ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ கித்தார் உலகம் எங்கும் பரவியது.

1965-ல் தன் கம்பெனியை சி.பி.எஸ். என்ற ரேடியோ, டெலிவிஷன் நிறுவனத்துக்கு விற்றார். விலை 130 லட்சம் டாலர். சி.பி.எஸ்., பங்கு மார்க்கெட்டில் இருந்த பெரிய நிறுவனம். கித்தார் உற்பத்தி பெருகியது. தரமோ இறங்கியது. 1965-க்கு முன் செய்த ஃபெண்டர் கித்தாருக்கு இன்றும் தனி மவுசு உண்டு, விலையும் தனி!

1985-ல் அங்கே வேலை பார்த்தவர்களும் சில முதலீட்டாளர்களும் சேர்ந்து கம்பெனியை வாங்கினார்கள். கொடுத்தது 125 லட்சம் டாலர். இருபது ஆண்டுகளுக்கு முன் விற்ற விலையைவிடக் குறைவு!

பிறகு 2012 மார்ச்சில், ஃபெண்டர் கம்பெனியே பங்கு வெளியிட மனுச் செய்தது. 20 கோடி டாலர் வரை திரட்டுவது திட்டம். பங்கு ஒன்றுக்கு 13 முதல் 15 டாலர் வரை விலை சொன்னது.

கணக்குத் தெரிந்தவர்கள் கித்தாரைப் பார்க்கவில்லை, மனுவைப் படித்தார்கள். வரும் பணம் பெரும்பாலும் பழைய கடனை அடைக்கப் போவதாக அதில் இருந்தது. பழைய பங்குதாரர்களும் தங்கள் பங்கில் ஒரு பகுதியை விற்கக் காத்திருந்தார்கள். ஜூலையில் கம்பெனி வெளியீட்டைக் கைவிட்டது. மார்க்கெட் நிலைமையும் ஐரோப்பாவின் பொருளாதாரமும் சரியில்லை என்று காரணம் சொன்னது.

கடனை அடைப்பது குற்றம் அல்ல. ஆனால் அடுத்தவர் கடனை அடைக்கப் பணம் கொடுப்பவர், அது தெரிந்து கொடுக்க வேண்டும். கித்தாரின் பேரில் மயங்கிக் கொடுக்கக் கூடாது. நல்லப்ப சுவாமிகள் வாழ்ந்த விளாத்திகுளத்துக்கு இசையின் அருமை தெரியும். நல்ல வாத்தியம் வேறு, நல்ல பங்கு வேறு என்பதும் தெரிய வேண்டும் அல்லவா?

நம் நாட்டிலும் பங்கு வெளியிடும் கம்பெனி, பணம் எதற்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். புதிய பங்கு எவ்வளவு, பழைய பங்குதாரர்கள் விற்பது எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும். சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த விவரம், நூற்றுக்கணக்கான ஆங்கிலப் பக்கங்களுக்கு நடுவே புதைந்து கிடக்கிறது. மிளகாய் விற்ற பணத்தோடு வருகிறவர் அதை எங்கே தேடுவார்?

தமிழ்நாட்டு மக்களிடம் பணம் கேட்கும் கம்பெனி, அந்த ஒரு பக்கத்தையாவது தமிழில், பெரிய எழுத்தில் தரட்டும். செல்போனில் பணம் கட்டும் பொத்தானுக்கு முன்னால் அந்தப் பக்கம் வரட்டும். பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் ‘செபி’ இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.